சைபர் தசம் ஆறு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து ஊரான ரூஜில் இருக்கும் என் சிநேகிதி யோகமலர் மூன்று நாளாக எனக்குப் போன் எடுத்து ஓர் எண்ணைச் சொல்கிறாள். அதிலிருந்து வந்தது.

அவளுடைய மகள் லக்சிகா, வடக்கே ஒரு பனியாற்றில் நிற்கும் தானியங்கி வானிலைக் கம்பத்தைத் திருத்தப் போயிருக்கிறாள். கூட மெலிசா என்றொரு பிள்ளை. கம்பத்தடியில்தான் கூடாரம். செவ்வாயிலிருந்து புயல். அந்த இரண்டு பிள்ளைகளின் போனிலும் பதிலில்லை; வானம் வெளிக்கும்வரை ஹெலிகொப்டரும் போகாதாம். கம்பம் மட்டும் மணிக்கொருதரம் குளிர், காற்று, பனி என்று இணையத்துக்கு எண்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

2

‘வெண்பட்டு விரித்தாற்போல்…’ என்று கதையைத் தொடங்கினேன். [வெட்டிவிட்டேன். பயந்துபோய் இருப்பவளுக்குப் பட்டு எதற்கு?]

பிறகு யோகமலர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

“பனி இறங்குது அக்கா. முந்தி ரெண்டு தசம் மூண்டு மீற்றர். இப்ப ஒண்டு தசம் ஒன்பது. பிள்ளை வந்திடுவாள், என்ன?”

ஓம், வருவாள் என்றேன். அந்த ஓமை நம்பி ஒரு முடிவும் எழுதினேன்: விமான நிலையம், குளிரில் தோலுரிந்த மூக்கு, தாயின் திட்டு.

3

[அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.]

போன கோடையில் என் குசினியில் லக்சிகாவிடம் பனியை அளக்கும் கருவியைப் பற்றிக் கேட்டிருந்தேன். அது கம்பத்தில் தொங்கிக்கொண்டு கீழே ஒலியை அனுப்புமாம். விளங்கவில்லை என்றதும், ஒரு கரண்டியை அரிசி வாளிக்கு மேலே பிடித்தாள்.

“இந்த இடைவெளியைத்தான் அன்ரி அது அளக்கும். அரிசிதான் பனி. அது கூடக் கூட நம்பர் குறையும்.”

தாய் அப்போது தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

4

கூடாரம் என்ன உயரம் என்று நான் கேட்கவில்லை. கதை சொல்கிறவள் கேட்டிருக்க வேண்டும்.

பிள்ளைகள் பனியை வெட்டி வெளியே— [இருக்கலாம். கெட்டிக்காரிகள். மண்வெட்டி இருக்கும்.]

மூச்சுவிடக் காற்று— [இந்த வரியை நான் முடிக்கமாட்டேன்.]

இன்று காலை ஒன்று தசம் இரண்டு. மத்தியானம் சைபர் தசம் ஆறு. எண் இறங்க இறங்க யோகமலரின் குரல் தெளிகிறது. மூன்று நாளுக்குப் பிறகு சோறு சாப்பிட்டாளாம். நாளைக்கு றிச்மண்ட் ஹில் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும், என்னையும் வரட்டாம்.

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கரண்டியின் கணக்கை அவளுக்குச் சொல்கிறேன். மற்றதில் இன்னொரு தரம் ஓம் என்கிறேன். இரண்டையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். இரண்டிலும் என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மணி. புது எண் வந்திருக்கும். போன் அடிக்கிறது.

இப்போது உங்களுக்கும் அந்தக் கணக்குத் தெரியும், பிள்ளைகளே. நீங்கள் எடுங்கள். சிரித்துக்கொண்டுதான் எண்ணைச் சொல்லுவாள்.