இரண்டு கீச், ஓர் இடைவெளி

பட்டறையில் வண்டிகளுக்கு மின் வேலை செய்கிற வயரிங் அக்கா தன் கணவனின் காரின் வாயை அடைத்த மூன்றாம் நாள் மதியம், அவளுடைய இடது தோள் எலும்பு கீச்சிட ஆரம்பித்தது. பெல்ட் போடாமல் யாராவது உட்கார்ந்தால் கார் எழுப்புகிற அதே சத்தம். ஆனால் விட்டு விட்டு: இரண்டு கீச், ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு. ஆளே இல்லாத பக்கத்து சீட்டுக்குக் கார் கத்துகிறது, கொஞ்ச நாளைக்கு அடக்கி வை என்று மருந்துக் கம்பெனியில் விற்பனைக்குப் போகும் கணவன் கேட்டிருந்தான். சென்சார் கோளாறு என்று சொல்லி, சீட்டுக்கடியில் கனெக்டரைக் கழற்றி அதன் இரு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டாள். வேறு யார் கார் என்றாலும் ஆளை உட்காரவைத்துச் சோதித்திருப்பாள். கட்டினவன் சொன்னதையுமா சோதிப்பது?

செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்குத் தொடங்கி, அரை மணி நேரம் தோள் கத்தும். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, சத்தம் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டிலிருந்துதான் வருகிறது என்றார். தெருவில் பலருக்கு அது எந்த வீடு என்று தெரிந்திருந்தது. ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவளோ ஐந்து மாதம் தன் உடம்பில் லூஸ் கனெக்‌ஷன் தேடினாள்.

கடைசியில் தொழில் புத்தி விழித்தது. சத்தம் காருடையது என்றால் காரில்தான் பார்க்கவேண்டும். ஒரு ஞாயிறு காலை, கணவன் குளிக்கப் போன நேரத்தில், பட்டறை வாசலில் நின்ற காரில் அங்கிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பெல்ட் இல்லாமல் உட்காரவைத்தாள். பேப்பர் கடைக்காரருக்குத் தோள் ஒரே சீராகக் கத்தியது. அம்மாவுக்கும் அப்படியே. அம்மாவைப் பார்க்க வந்த தங்கையை, நீயும் உட்காரடி என்றாள். மாடிப்படியில் விழுந்ததிலிருந்து தங்கை ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவாள்; சீட்டுச் சென்சார் விட்டு விட்டுத்தான் அழுந்தும். இரண்டு கீச், ஓர் இடைவெளி.

"எத்தன நாளா?" என்றாள் வயரிங் அக்கா.

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பெல்ட்டு கழுத்த அறுக்குதுக்கா. அதான் போடல."

  தூக்கி வளர்த்த தங்கையும் கட்டின புருஷனும் சேர்ந்து ஏமாற்றியதைவிட, எச்சரித்த ஒரே ஜீவனின் வாயைத் தன் கையாலேயே கட்டியதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. வயரைப் பிடுங்கி எறிந்தாள். ஆனால் சத்தம் காருக்குத் திரும்பவில்லை. அந்த மாதமே இருவரும் அதே காரில் வேறு ஊருக்குப் போனார்கள்.

நான்கு வருடம் போனது. தோள் கத்துகிற நேரத்தையும் நீளத்தையும் வைத்தே அவர்கள் கடைக்குப் போனதும் கடற்கரைக்குப் போனதும் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அடுத்த வருடம் இரண்டு கீச்சும் மாதத்துக்கு மாதம் கனத்தன. சோம்பேறி தின்று கொழுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் பிற்பகல், ஒரு லாரிக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்த இடைவெளிக்குள் மெல்லிசாக இன்னொரு கீச் கேட்டது. ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு நேரே அம்மாவிடம் போனாள். தங்கைக்குக் குழந்தை பிறந்ததை அம்மாவும் ஆறு மாதமாக அவளிடம் மறைத்திருந்தாள்.

"மடியில வச்சுக்கிட்டு முன்னாடி உக்கார வேணாம்னு சொல்லு. பின்னாடி சின்ன சீட்டு மாட்டி, அதுல பெல்ட்டு போட்டு உக்கார வைக்கட்டும்," என்றாள். அம்மா கண்ணைத் துடைத்தபடி கையைப் பிடிக்க வந்தாள். "பாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்தச் சத்தத்துல எனக்கு வேல ஓடல," என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மெல்லிய கீச் நின்றது. மற்ற இரண்டும் நிற்கவில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் அவள் தோள் ஓயும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்துவிட்டு, பேட்டரிக்கு என்ன கோளாறு என்பதை விட்ட இடத்திலிருந்து சொல்கிறார்கள்.