மோர் பூசிய தொட்டி

தையல்காரியின் வீட்டு ஹாலில் தொட்டிச் செடி இளைத்த வாரத்தில், கப்பலில் வேலையாயிருந்த அவள் கணவனும் இளைத்துப்போனான். இதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகப்பட்ட மருந்துக்கடைக்காரர்கூட செடியின் இடுப்பை டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

எல்லாம் ஹாலை அழகுபடுத்தப் போய் வந்தது. துணி கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் இடம் மொட்டையாக இருக்கிறதே என்று மூன்று மண்தொட்டிகளும் மூன்று புதர்ச்செடிகளும் வாங்கினாள். புதுத்தொட்டிகள் செக்கச்செவேலென்று கண்ணைக் குத்தின. பழசாகத் தெரியட்டுமென்று இரண்டுக்குப் புளித்த மோர் பூசி ஜன்னலோரம் நிழலில் வைத்தாள். மூன்றாவதற்கு மோர் போதவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அந்த இரண்டிலும் பாசி படர்ந்து, உப்புப் பூத்து, நூறு வயசு ஏறிவிட்டது. அதன்பிறகு அவற்றை யாராலும் அசைக்க முடியவில்லை. இருந்த இடமே போதுமென்று இருந்துவிட்டன. பிறகு செடிகளைப் பந்து பந்தாகக் கத்தரித்தாள். இரண்டு பந்துகள் நன்றாகவே வந்தன. மூன்றாவதை ஏதோ யோசனையில் வெட்டினாள். கை தனக்கு மனப்பாடமான அளவுக்குப் போய்விட்டது. தோள், மார்பு, இடுப்பு, எல்லாம் கணவனுடையவை. தொழில் பழக்கத்தில் சுற்றிலும் இரண்டு விரல் தையலுக்கு வேறு விட்டிருந்தாள்.

அன்றிலிருந்து செடிக்கு வந்தது அவனுக்கும் வந்தது. இலை பழுத்தால் காய்ச்சல், உரம் போட்டால் பசி. தொட்டி லேசாக விண்டபோது அவனுக்குக் குதிகால் வெடித்தது. போனில் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. “அப்ப இடது பக்கம் கொஞ்சம் கூட ஊத்து. தோள்பட்டை பிடிச்சிருக்கு,” என்றான். ஊற்றினாள், விட்டது.

அவன் கெட்டவனல்ல, வீட்டில் கால் தரிக்காதவன். வருஷத்துக்கு ஒருமுறை வருவான், மூன்றாம் நாளே பெட்டியைப் பார்ப்பான். கல்யாணமான நாளிலிருந்து அவனோடு இருந்ததைவிட அவன் சட்டைகளோடுதான் அவள் அதிகம் இருந்திருக்கிறாள். அது அவளுக்கு வலித்தது. இப்போது கப்பல் கம்பெனி இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்டது.

“எனக்கும் அங்க இருக்கணும்னுதான் ஆசை. கால் கேக்க மாட்டேங்குதே,” என்றான்.

“உங்க தொட்டி இன்னும் புதுசாவே நிக்குது. மோர் பூசட்டுமா?”

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவன் கம்பெனிக் காகிதத்தை மடிப்பது கேட்டது.

“பூசு,” என்றான்.

பூசினாள். மோர்ச்சட்டியைப் பிடித்துக்கொண்ட நாத்தனார், “அடிவரைக்கும் பூசுங்க அண்ணி. எங்கண்ணனைப் பத்தி உங்களுக்குத் தெரியாது,” என்றாள்.

அடுத்த மழைக்காலம் முடிந்து அவன் வந்தபோது வாசல் நிலையில் தலை இடித்தது. எல்லாப் பக்கமும் இரண்டு விரல் கூடியிருந்தான். பாதம் வெளுத்து உப்புப் பூத்திருந்தது, விரலிடுக்கில் பாசி. அவள் டேப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, “தையலுக்கு விட்டது அப்படியே நின்னுடுச்சு. பிடிச்சுடவா?” என்று கத்தரியை எடுத்தாள்.

“வேண்டாம், தாராளமா இருக்கு,” என்றான்.

மூன்றாம் நாள் அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. அதில் இப்போது வெட்டுத்துணிகள் கிடக்கின்றன. நிலையைத் தச்சர் உயர்த்திக் கொடுத்தார். காலையில் மூன்று தொட்டிகளுக்கும் ஊற்றிவிட்டு, மிச்சத் தண்ணீரை அவன் பாதத்தில் ஊற்றுகிறாள். அவன் பேப்பர் நனையாமல் உயர்த்திப் பிடித்துக்கொள்கிறான்.