ஒரே நிறத்தில் இரண்டு தட்டுகள்

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். முந்தின நாள் நான் கொண்டுவந்து வைத்த இரண்டு ஜெல்லித் தட்டுகளில் ஒன்றில் பாதியைக் காணோம். கத்தி வைத்து நேராக நறுக்கி எடுத்திருந்தார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு கிண்ணம் கிடந்தது, அடியில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

அது மனிதர்கள் சாப்பிடும் ஜெல்லி இல்லை. நான் கடற்பாசிகளுக்கான ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கடலுக்கடியில் சில பாறைகளில் மீனும் நத்தையும் மேய்ந்து எல்லாப் பாசியையும் மொட்டையடித்திருக்கும். நடுவில் ஒரே ஒரு வகை மட்டும் கடிபடாமல் தளதளவென்று நிற்கும். அதற்கு ஓடத் தெரியாது, முள் கிடையாது, ஓடும் கிடையாது. மேய வருகிறவர்களுக்கென்றே உடம்புக்குள் ஒரு சரக்கைத் தயாரித்து வைத்திருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, வேறு நல்ல பாசியை அரைத்துச் செய்த ஜெல்லியில் கலந்து, பட்டினி போட்ட கடல் முள்ளெலிகளுக்கு முன்னால் வைப்போம். பந்து போல உருண்டு, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் இந்தப் பிராணிகள் பாசியைக் கண்டால் பாறையையும் சேர்த்துச் சுரண்டும். அவையே தொடவில்லை என்றால் சரக்கு வேலை செய்கிறது என்று அர்த்தம். போன மாதம் தெரியாமல் அதைத் தின்ற நத்தைகளுக்கு இதயத் துடிப்பு குறைந்துகொண்டே போய் நின்றுவிட்டது. அவை தின்றது நகக்கண் அளவுகூட இருக்காது.

இரண்டு தட்டில் ஒன்றில்தான் அந்தச் சரக்கு உண்டு. மற்றதில் வெறும் பாசி. பார்வைக்கு இரண்டும் ஒரே பச்சை. எது எது என்று எனக்குத் தெரியவும் கூடாது, ஏனென்றால் தெரிந்தால் நான் விரும்பியதைத்தான் என் கண் பார்க்கும். அதனால் கலக்குவது என்னோடு வேலை செய்கிறவரின் பொறுப்பு. மூடிகளில் வெள்ளைப் பொட்டும் கறுப்புப் பொட்டும் ஒட்டிக் கொடுத்துவிட்டு அவர் மறுநாள் விமானத்தில் ஊருக்குப் போகக் கிளம்பிவிட்டார். ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜ் திடீரென்று மண்டையைப் போட, தட்டுகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாதிரிகளை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டிய மகராசி நான்தான்.

பாதி காலியாகியிருந்தது கறுப்புப் பொட்டு.

என் கணவர் வெளியூரில். வீட்டில் இருந்தது அவருடைய அம்மா மட்டும். ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த அத்தையிடம் குரலை உயர்த்தாமல் கேட்டேன். சர்க்கரை வியாதிக்காரர், திட்டுவேனோ என்று பயந்துவிட்டார். ஒரே ஒரு கரண்டி சர்க்கரைதான் போட்டுக்கொண்டேன் என்று சத்தியம் செய்தார்.

"கசந்துச்சா அத்தை?"

"இல்லையே. நல்லாத்தான் இருந்துச்சு."

போன உயிர் திரும்பி வந்தது. கடலில் எந்த மீனும் கடித்தவுடனே கசப்பு தாங்காமல் துப்பிவிட்டு ஓடும் சரக்கு அது. பாதித் தட்டு இறங்கியிருக்கிறது என்றால் அது வெறும் பாசியாகத்தான் இருக்க வேண்டும். நான் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் அத்தை எழுந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார், தலை கிறுகிறுக்கிறது என்றார்.

தெருமுனை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் முகம் நாடியைப் பார்த்ததுமே மாறியது. துடிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. வயிற்றில் இருப்பதை உறிஞ்ச கரித்தூளைக் கரைத்துக் குடிக்கவைத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். நான் தட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். விஷத்தின் பெயரைக் கேட்டார். இன்னும் பெயர் வைக்கவில்லை என்று சொல்லும்போது எனக்கே என்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அத்தை போடும் ரத்த அழுத்த மாத்திரையாலும் துடிப்பு இப்படிக் குறையலாமாம்.

"மாத்திரைன்னா இங்கயே சமாளிச்சிடலாம். இந்த நிலைமையில வண்டில ஏத்தறதே ஆபத்து. விஷம்னா இன்னும் இறங்கும், நெஞ்சுக்குள்ள கம்பி விட்டுத் துடிக்கவைக்கணும். அந்த வசதி பெரிய ஆஸ்பத்திரிலதான் இருக்கு. எதுன்னு உறுதியாச் சொல்லுங்க."

சொல்லக்கூடிய ஒரே ஆள், சரக்கைக் கலக்கியவர், அந்த நேரம் விமானத்தில் இருந்தார். அவருடைய எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. பிறகுதான் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் பட்டினி கிடக்கும் முள்ளெலிகளின் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடி வெள்ளைப் பொட்டுத் தட்டையும் அள்ளிக்கொண்டு அங்கே போனேன்.

ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பக்கம் கறுப்புத் தட்டின் துண்டு, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தட்டின் துண்டு. அவசரத்தில் ஒரு துண்டு தரையில் விழ, வேறு நறுக்கினேன். கறுப்பைத் தின்னுங்கள், கறுப்பைத் தின்னுங்கள் என்று வாய்விட்டே கெஞ்சினேன். முள்ளெலிக்கு அவசரம் ஏது? முள்ளுக்கு நடுவிலிருந்து நூல் போன்ற கால்களை நீட்டித் தண்ணீரைத் துழாவிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி ஆடி அசைந்து நகர்ந்தன. அந்த நேரத்தில் அத்தையின் நெஞ்சு எத்தனை முறை அடித்ததோ.

நடுத் தொட்டியில் இருந்தது நேராகக் கறுப்புத் துண்டுக்குப் போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தின்கிறது, அப்படியென்றால் வெறும் பாசிதான். போனை எடுத்து டாக்டரின் எண்ணைத் தேடினேன். அதற்குள் முள்ளெலி இறங்கி விலகிப் போனது. அவசரமாகக் கரண்டியால் அந்தத் துண்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு கீறல். ஒரு சுரண்டல் சுரண்டிவிட்டு, வேண்டாம் என்று போயிருக்கிறது.

மற்ற தொட்டிகளிலும் அதே கதைதான். வெள்ளைத் துண்டுகளில் பல் பதிந்து குழி குழியாகியிருந்தது. கறுப்பை ஒன்றுகூட நெருங்கவில்லை. நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே டாக்டருக்குச் சொன்னேன்: விஷம்தான், கிளப்புங்கள்.

வழியில் வண்டிக்குள்ளேயே ஒரு முறை துடிப்பு நின்று, நெஞ்சை அழுத்தி மீட்டார்களாம். பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி ஏற்றினார்கள். இனி இதயம் தானாக வேலையைத் தொடங்க வேண்டும், தொடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். சாயங்காலம் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். அத்தை பாதி மயக்கத்தில், சட்டென்று பத்து வயது கூடினவர் போலக் கிடந்தார். உதட்டோரம் கரி அப்பியிருந்தது. துடைத்துவிட்டேன். கேட்கும் நேரமா அது? இருந்தும் மனசு கேட்கவில்லை.

"கசக்கலன்னு ஏன் அத்தை சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். குரல் மெலிந்து வந்தது.

"ஐயோ, தொண்டை வரைக்கும் கசப்பு. அதான் சர்க்கரை போட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னைக்கு டிவில பாத்து ஆசையாயிருக்குன்னு சொன்னேன். மனசுல வச்சிருந்து எனக்குன்னு செஞ்சிருக்கே. அதைப் போய் வாயில வைக்க முடியலன்னு சொல்லுவாங்களா?"

டிவியில் எதைப் பார்த்தார், என்றைக்குச் சொன்னார் என்று எனக்குச் சுத்தமாக நினைவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

"எனக்குத்தானே செஞ்சே?"

"ஆமாம் அத்தை," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே போகச் சொல்லி நர்ஸ் வந்து நின்றபோதும், நான் அவருடைய மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.