மூன்று மிதி

மெக்கானிக் முன்சக்கரத்தின் பழைய பிரேக் டிரம்மைத் தட்டிக் கழற்றியதும் கரும்பொடி கொட்டியது. அப்பா ஓட்டிய வருஷங்களெல்லாம் தேய்ந்து உள்ளேயே தங்கிவிட்ட பொடி. தங்கை விரலை நீட்டினாள்.

“தொடாதீங்கம்மா, நெஞ்சுக்கு ஆகாது,” என்று அதட்டி, ஈரத்துணியால் ஒற்றியெடுத்தார் அவர்.

போன மாதம் பெய்த மழையில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து, தங்கை ஓட்டிவந்த கார் நிற்காமல் போய் ஒரு மதிற்சுவரை உரசியது. பக்கத்தில் இருந்த அக்கா இறங்கி, “அப்பா காருதான், இல்லேங்கல. அதுக்காக உயிர விட முடியுமாடி? வித்துடலாம்,” என்றாள். தங்கை கெஞ்சிக் கூத்தாடி டிஸ்க் பிரேக் மாற்ற ஒப்புதல் வாங்கினாள். ஓட்டிக் காட்ட வேண்டும்; அக்காவுக்கு நம்பிக்கை வந்தால்தான் கார் வீட்டில் நிற்கும்.

பழைய பிரேக்கில் அந்தக் காரை நிறுத்த மூன்று மிதி வேண்டும். முதல் மிதி சும்மா அமுங்கும், இரண்டாவதில் பிடிக்கும், மூன்றாவதில் நிற்கும். நிற்கும்போது இடப்பக்கம் இழுக்கும் என்பதால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் ஒடித்துப் பிடிக்க வேண்டும். பின்சீட்டிலிருந்து அப்பாவின் தோளைப் பார்த்துப் பார்த்தே தங்கைக்கும் அது ஒட்டிக்கொண்டது. முன்சீட்டில் அம்மா, இல்லாத பிரேக்கைத் தானும் மூன்று முறை மிதிப்பாள். “நீ மிதிச்சாத்தான் நிக்குது,” என்று அப்பா சிரிப்பார்.

“இனிமே தொட்டாலே போதும்,” என்றார் மெக்கானிக். “பழைய ஞாபகத்துல ஏறி மிதிச்சீங்க, அக்கா கண்ணாடியில ஒட்டிக்குவாங்க.”

அக்காவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு தங்கை காரை எடுத்தாள். தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. மூன்று மிதிக்குக் கிளம்பிய கால் முதல் மிதியிலேயே காரை அறைந்தாற்போல் நிறுத்தியது. கைகள் தாமாகவே வலப்பக்கம் ஒடித்திருந்தன. நடுத்தெருவில் கார் குறுக்கே நின்றது.

“அடிப்பாவி!”

“நின்னுச்சுல்ல?”

“நின்னுச்சு. எங்க பாத்து நிக்குதுன்னு பாரு.”

“இப்ப அது இழுக்கலக்கா. நான்தான்...”

அக்கா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் குதிகால் தேய்த்துத் தேய்த்து கால்விரிப்பில் விழுந்த வட்டமான ஓட்டை. அதன்மேல் அக்காவின் கால் இறுக அழுந்தியிருந்தது.

பின்னால் ஹார்ன் அலறியது.

“எடு,” என்றாள் அக்கா. “அடுத்த முனையில நிறுத்து. நேரா.”

கார் நகர்ந்தது. அக்காவின் கால் அந்த ஓட்டையின் மேலேயே இருந்தது.