பின்சக்கரம் என்னுடையது

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது அல்ல. ஒட்டுக்கேட்டது. ஒரு கார் சர்வீஸ் சென்டரின் காத்திருப்பு அறையில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வண்டியின் சீட் பெல்ட் கொக்கியில் ஏதோ கோளாறாம். தயாரித்த கம்பெனியே கூப்பிட்டு இலவசமாக மாற்றித் தருகிறது. இதற்கு ரீகால் என்று பெயர். (எனக்கு வந்த செய்திகளை எல்லாம் விளம்பரம் என்று தள்ளிவிட்டிருந்தேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் போனேன். இது இந்தக் கதைக்கு அவசியமில்லை. ஆனால் நான் யோக்கியன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.)

எதிர் சோபாவில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, பக்கத்தில் கொஞ்சம் இளையவராக ஓர் ஆண். இரண்டு முகத்திலும் ஒரே மூக்கு. அக்காளும் தம்பியும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தம்பி போனைப் பார்த்தபடி என்னவோ முணுமுணுத்தார். அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"பின்சக்கரம் என்னோடதுடா. நான் சொல்றேன், அது சரியில்ல."

தம்பியின் காரில் ஒரு சக்கரம் மட்டும் எப்படி அக்காளுடையதாகும்? முழுக் காரும் எனக்குத்தான் என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சக்கரம் சக்கரமாகப் பாகம் பிரித்தவர்களைப் பார்த்ததில்லை. அந்த வாக்கியத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனி வருவதில் பெரும்பகுதி, அதற்கு ஒரு நியாயம் வேண்டுமே என்று நான் உட்கார்ந்து கட்டியது.

2

தொடக்கங்கள்.

"வாகனங்களின் உதிரிபாகங்கள் எதிர்பாராத நேரத்தில் பழுதடையக்கூடும் என்பதால் பொதுமக்கள் விழிப்புடன்—" அடித்துவிட்டேன். இதைப் படிக்க நீங்கள் எதற்கு, சுவரில் ஒட்டினால் போதும்.

"அன்று சாலையில் மழை—" வேண்டாம். மழையில் ஏதாவது நடந்தால் பழி முழுக்க மழைக்குப் போய்விடும்.

"அப்பா ஒரு மெக்கானிக்." இதில் ஒரு முழுப் பக்கம் ஓடினேன். பிறகுதான் உறைத்தது. அப்பா மெக்கானிக் என்றால் கார் சத்தத்தை அவரே கேட்டுக்கொள்வாரே, பிள்ளைகளுக்கு எதற்குச் சக்கரம்? ஆகவே அப்பாவை ஒரு திரைச்சீலைக் கடையில் துணி அளந்து கிழிக்கும் விற்பனையாளராக மாற்றினேன். மாற்றியதும் கதைக்கு உயிர் வந்தது. துணியைத் தொட்டுப் பார்க்காமலே தரம் சொல்வார். காரின் பானட்டைத் திறந்தாலோ, யார் வீட்டிலோ தவறிப் போய் நுழைந்துவிட்டவரைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு மரியாதையாக மூடிவிடுவார்.

பெரியவளுக்கு (அக்காளை இனி இப்படித்தான் சொல்லப் போகிறேன், தம்பி சின்னவன்) முதலில் காது மருத்துவமனையில் வேலை கொடுத்தேன். கதைக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. அதனாலேயே பறித்துவிட்டேன். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். பிழைப்பு கண்ணில், காது சொந்த விஷயம்.

3

அப்பா வாங்கிய கார் நான்கு கை மாறி வந்தது. விற்ற பல் டாக்டர் சாவியை அப்பாவின் கையில் வைத்து அழுத்திச் சொன்னார்.

"நல்ல வண்டி. உடம்புக்கு ஆகலன்னா சத்தம் போட்டுச் சொல்லிடும். ஆனா நீங்க பேசிக்கிட்டே போனீங்கன்னா, அது சொல்றது உங்களுக்குக் கேக்காது."

வேறொருவராக இருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பார். அப்பா அதைச் சட்டமாக்கினார். வீட்டு வாசலில் கார் கிளம்பியதிலிருந்து தண்ணீர்த் தொட்டி முக்கு வரும் வரை காருக்குள் யாரும் மூச்சுவிடக் கூடாது. ரேடியோ கிடையாது. சண்டை கிடையாது. ஆளுக்கு ஒரு சக்கரம். முன்னால் ஓட்டுகிற பக்கம் அப்பாவுடையது, மறுபக்கம் அம்மாவுடையது. அப்பாவுக்குப் பின்னால் சின்னவன். அம்மாவுக்குப் பின்னால் பெரியவள். தன் காலடியில் ஓடுகிற சக்கரம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

தொட்டி முக்கில் அப்பா வண்டியை ஓரங்கட்டுவார். திரும்பிப் பார்க்காமல் விசாரிப்பார்.

"முன்னாடி?"

"ஒண்ணுமில்ல. போங்க" என்பாள் அம்மா.

"பின்னாடி?"

"ஒண்ணுமில்ல. போங்க" என்பான் சின்னவன், அம்மாவின் குரலிலேயே. அதற்காக ஒரு நாளும் அடி விழுந்ததில்லை.

பிறகு பெரியவளின் முறை. பெரியவள் கொஞ்சம் யோசிப்பாள்.

"ஒரு சத்தம் வருதுப்பா."

அப்பா இன்ஜினை அணைப்பார். இறங்கி, காரைச் சுற்றி வந்து, அவள் பக்கத்துச் சக்கரத்தின் முன் குத்துக்காலிட்டு உட்காருவார். கண்ணாடியை இறக்கி அவள் தலையை நீட்டுவாள். துணி பிடித்துப் பழகிய கையை டயரின் மேல் வைத்து, நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கேட்பார்.

"என்ன மாதிரி சத்தம்மா?"

"கொர்ருன்னு."

"இப்ப?"

"இப்ப இல்ல."

"சரி. மறுபடி வந்தா சொல்லு."

அவ்வளவுதான். கார் கிளம்பும். அம்மா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். வெளியே போகிற அநேகமாக எல்லா நாளும் பெரியவளுக்கு ஏதாவது ஒரு சத்தம் கேட்டது.

(இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை. அந்த ரெக்சின் சீட்டின் சூட்டை, அப்பாவின் கழுத்துக்குப் பின்னால் சுருண்டிருந்த முடியை, அம்மாவின் கைப்பையிலிருந்து வந்த பவுடர் வாசனையை நான் அனுபவித்ததே இல்லை. ஆனால் எழுத எழுத எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இல்லாத காருக்காக ஏங்குகிறேன். திரும்பிப் போக முடிந்தால் அந்தப் பின்சீட்டில் நடுவில் எனக்குக் கொஞ்சம் இடம் கேட்பேன். எனக்குச் சக்கரம்கூட வேண்டாம்.)

4

இந்தப் பகுதியில், பெரியவள் ஒருநாள் உண்மையான கோளாறைக் கண்டுபிடித்து எல்லோரையும் காப்பாற்றுவதாக எழுதியிருந்தேன். கழன்றுகொண்டிருந்த வீல் நட், அப்பாவின் கண்ணில் நீர், எல்லாம் இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன். அவள் ஒருமுறை ஜெயித்துவிட்டால் பிறகு சின்னவன் அவளை நம்பிவிடுவான். கதை அங்கேயே படுத்துவிடும்.

அதற்குப் பதிலாக இது. ஒருநாள் நான்கு பேருக்கும் எதுவும் கேட்கவில்லை. அதிசயமாகப் பெரியவளும் ஒண்ணுமில்ல என்றாள். தொட்டி தாண்டி மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் பட்டென்று அறுந்தது. அப்பாவின் கால் வெறுமனே கீழே போனது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து, மயிரிழையில் விலகிப் போனது.

ஓரத்தில் புல்லில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். சின்னவன்தான் கேட்டான்.

"அது யாரோட சக்கரம்பா?"

அப்பா சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"அது யாரோடதும் இல்லடா."

காது கொடுத்தால் எல்லாம் கேட்டுவிடாது என்று பெரியவளுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

5

இனி இன்றைக்கு. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சின்னவன் பிசியோதெரபிஸ்ட். ஊர் மக்களின் முழங்காலைப் பிடித்துப் பார்த்தே கோளாறு சொல்கிறவன். அவன் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மறுநாள் காலை நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டிப் போய் அவளை ஹாஸ்டலில் விட வேண்டும். அதற்குச் சாமான் வாங்க அக்காளையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனான். திரும்பும்போது முன்சீட்டில் வாளியும் தலையணையும் ஏறிக்கொண்டன. பெரியவள் பின்னால் உட்கார்ந்தாள், பழைய இடத்தில்.

கார் கிளம்பியது. இருவரும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று இருவருக்கும் தெரியாது. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. சின்னவன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, திரும்பிப் பார்க்காமல், தன்னையறியாமல் கேட்டான்.

"பின்னாடி?"

பெரியவள் கண்ணாடியை இறக்கினாள்.

"ஒரு சத்தம் வருதுடா."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் சத்தம் நிஜமாகவே வந்தது. கொர்ரென்று, வேகம் கூடினால் கூடி, குறைந்தால் குறைந்து. (வந்ததா? என்னைக் கேட்டால்? நான் எழுதுகிறவன், எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.) புல்லில் தின்ற பிஸ்கட்டின் ஞாபகமோ என்னவோ, அவள் காதோடு நிறுத்தவில்லை. வண்டியின் நம்பரை வாங்கிக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தாள். அந்த மாடலுக்கு ரீகால் இருந்தது. சின்னவனின் போனில் அதே செய்தி ஏற்கெனவே வந்து, படிக்கப்படாமல் கிடந்தது.

"சர்வீஸுக்கு ஆள் பிடிக்கிறாங்கன்னு நினைச்சேன்க்கா."

"வண்டியைத் திருப்பு."

6

காத்திருப்பு அறை. இங்கிருந்து நான் சாட்சி.

கவுண்ட்டரில் இருந்த பெண் வந்து சொன்னாள்.

"சார், உங்க வண்டி ரீகால்ல இருக்கு. பின்னாடி வீல் பேரிங். சில வண்டியில அது திடீர்னு இறுகிடுதாம். மாத்திக் கொடுத்துடுவோம், செலவு இல்ல. ஆனா பார்ட் வியாழக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் ஓட்ட வேணாம்னு கம்பெனி சொல்லுது."

"எங்க அக்காவுக்கு ஏதோ சத்தம் கேக்குதாம்."

"எங்க ஆளு ஓட்டிப் பாத்தாரு சார். அவருக்கு எதுவும் கேக்கலையாம்."

சின்னவன் போனைப் பார்த்தபடி என்னவோ முணுமுணுத்தான். அப்போதுதான் அக்காள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள், பின்சக்கரம் என்னோடதுடா என்று.

"நாளைக்குப் பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கணும்க்கா. வியாழக்கிழமை வந்து மாத்திக்கிறேன். நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?"

"நேத்து வரைக்கும் எல்லாமே நல்லாத்தாண்டா ஓடும்."

"உனக்கு எப்பவும்தான் ஏதாவது கேக்கும். அப்பா சும்மா உனக்காக இறங்கிப் பாப்பாரு. அங்க ஒண்ணும் இருக்காது. அவருக்கும் தெரியும்."

"தெரியும். எனக்கும் தெரியும்" என்றாள். "ஆனா நிறுத்தினாருல்ல? ஒரு தடவையாவது நிறுத்தாம போயிருக்காரா?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அந்தக் கேபிள் அறுந்த அன்னிக்கு நாம யாருக்கும் கேக்கல. இப்ப எங்கேயோ கம்பெனியில எவனோ ஒருத்தன் நமக்காகக் கேட்டுச் சொல்றான். நாளைக்கு முன்சீட்டுல இந்த வாளியெல்லாம் இருக்கும். உன் பொண்ணு எங்கடா உக்காருவா? என் இடத்துலதான்."

இதுவரை கேட்டேன்.* என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

*கேபிள், வாளி இரண்டும் நான் சேர்த்தவை. 'நிறுத்தினாருல்ல' என்பது அந்த அக்கா சொன்னது. அதை என்னால் கட்டியிருக்க முடியாது.

7

முடிவுகள்.

முதல் முடிவு: சின்னவன் காரை அங்கேயே விடுகிறான். மறுநாள் பெரியவளையும் சேர்த்து மூவரும் வாளியும் தலையணையுமாகப் பேருந்தில் போகிறார்கள். வியாழக்கிழமை புதுப் பேரிங் போடுகிறார்கள். எதுவும் நடக்கவில்லை. நல்ல முடிவு. ஆனால் எழுதினால் சப்பென்று இருக்கிறது. ஒரு சக்கரம் நெடுஞ்சாலையில் இறுகாமல் போனதை எப்படி வர்ணிப்பது? பத்திரமாக இருந்த ஒரு நாளை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? அப்பா குத்துக்காலிட்ட அந்த நாட்களும் அப்படி எதுவும் நடக்காத நாட்கள்தான். அவற்றைத்தான் பெரியவள் இத்தனை காலம் வைத்திருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது முடிவு: "காலையில் பனி விலகவில்லை. மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் அத்தையின் இடத்தில் தூங்கிப் போயிருந்தாள். மேம்பாலத்தில் வேகம் கூடியபோது பின்சக்கரம்—"

என்னால் முடியாது. இந்த வாக்கியத்தோடு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் முடியாது.

8

உண்மையில் பார்த்தது இவ்வளவுதான். என் கொக்கியை மாற்றி வாங்கிக்கொண்டு வந்தபோது சோபா காலியாக இருந்தது. அவர்களுடைய கார் வெளிகேட்டுக்கு உள்பக்கம் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி ஸ்டியரிங்கில், அக்கா பின்சீட்டில். இருவரும் பேசவில்லை. நான் பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டேன்.

அந்தக் காரை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். முன்சீட்டிலிருந்து வாளியையும் தலையணையையும் எடுத்துப் பின்னால் போட்டாயிற்று. நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். அது அம்மாவின் இடம். அந்த வீட்டில் 'போங்க' என்று அம்மா சொல்லாமல் கார் ஒரு நாளும் தொட்டி முக்கைத் தாண்டியதில்லை.

கதவைச் சாத்துங்கள். பெல்ட்டைப் போடுங்கள். பேச வேண்டாம். பெரியவள் தன் முறைக்காகக் காத்திருக்கிறாள், ஆனால் அவள் சொல்வது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சின்னவன் திரும்பிப் பார்க்காமல் கேட்கிறான்.

"முன்னாடி?"