நூல்சேலைக்கு அந்தப் பக்கம்

மீன்சுருட்டிக்குக் கிழக்கே மணிவேலின் பண்ணைக்குட்டையில் மீன்குஞ்சு விடப்போகிறார்கள் என்றதும், வேலை இருந்தவர்களும் இல்லாதவர்களும் காலையிலேயே கரையில் வந்து நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டு அமிர்தவல்லி உலையை வைத்துவிட்டு வந்தவள். அது பொங்கி அடுப்பே அணைந்திருக்கும்; அந்தக் கவலை அவளுக்கில்லை.

மணிவேல் வாட்டசாட்டமான ஆள். மீசையோ மோட்டாரோ பேச்சோ, எதுவும் பெரிதாக இருந்தால்தான் அவனுக்குத் திருப்தி. இப்போது பூச்சி. வாரக்கணக்கில் சாணியும் பிண்ணாக்கும் கரைத்து ஊற்றிக் குட்டைத் தண்ணீரில் பூச்சி வளர்த்திருந்தான். குஞ்சுக்குத் தீனி அதுதான். வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலில் தூக்கிக் காட்டினான். வெள்ளைப் புள்ளிகள் வெடுக் வெடுக்கென்று துள்ளின.

"மத்தவன் குட்டையில தூசு மாதிரி கெடக்கும். நம்மளுது பாருங்க, ஒவ்வொண்ணும் கடுகுல பாதி!"

"கெடா வெட்டி விருந்து வைக்கிற மாதிரில்ல பேசுறான்," என்றாள் அமிர்தவல்லி, அவன் காதில் விழும்படியாகவே.

அவன் மனைவி வளர்மதிக்குத்தான் ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. போன வருஷம் விட்ட குஞ்சு அத்தனையும் ஒரே வாரத்தில் காணாமல் போயிற்று. பக்கத்து வயல் பங்காளி ராசாங்கம் பருத்திக்கு மருந்தடித்த டேங்கைக் குட்டையில் கழுவிவிட்டான் என்று மணிவேல் ஊரைக் கூட்டினான். ராசாங்கம் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தும் பேச்சுவார்த்தை அறுந்தது அறுந்ததுதான். இன்றைக்கு அந்த மனுஷர் தன் வரப்பில் தனியாக நின்றார். தோளில் துண்டுகூட இல்லை. இரண்டு கையையும் எல்லாரும் பார்க்கும்படி தொங்கவிட்டிருந்தார்.

வேனில் வந்த குஞ்சுப் பைகள் வாய் கட்டியபடி தண்ணீரில் மிதந்தன. வேன்காரர் ஒரு பையை அவிழ்த்து, "விட்டுப் பாத்துக்கங்கம்மா," என்று கொஞ்சம் கொடுத்தார். வளர்மதி வெள்ளை மக்கில் குட்டைத் தண்ணீரை மொண்டு அதில் விட்டாள். கண்ணிமை முடி போல ஒவ்வொரு குஞ்சும். முடிக்கு இரண்டு கண். ஒரு குஞ்சு பெரிய பூச்சியொன்றை வாயால் முட்டிப் பார்த்தது. வாய்க்கு அடங்கவில்லை. தூசு போன்ற பொடிப்பூச்சியைத்தான் அதனால் விழுங்க முடிந்தது. அதற்குள் பெரிய பூச்சி அதன் வாலைக் கவ்வியது. இன்னொன்று செவுளைப் பிடித்தது. குஞ்சு உதறியது, மறுபடி உதறியது, மக்கின் அடிக்குப் போய்ச் சாய்ந்தது.

மறுகரைக்கு ஓடி வேறு தண்ணீர் மொண்டாள். அங்கேயும் அதே கதை.

போன வருஷமும் இதே சாணி, இதே பூச்சி. வளர்மதிக்கு இப்போதுதான் விளங்கியது. தீனி என்று இவன் கொழுக்க வைத்ததே குஞ்சைத் தின்றிருக்கிறது. ராசாங்கத்தின் தலையில்தான் பழி விழுந்தது.

"என்னங்க, செத்த இங்க வாங்களேன்."

"என்னாடி ரகசியம்? சத்தமா சொல்லு. நம்ம என்ன திருட்டு மீனா வுடுறோம்?" மணிவேல் பையின் முடிச்சில் கை வைத்துவிட்டான். ஊரே சிரித்தது.

சொன்னால் குஞ்சு பிழைக்கும். ஆனால் இத்தனை பேர் முன்னால், அதுவும் ராசாங்கம் பார்க்க, இவன் தலை தொங்கிப்போகும். அப்புறம் வீட்டில் இவனோடு எப்படிக் காலம் தள்ளுவது? முடிச்சு நெகிழ்ந்தது.

"ஊத்தாதீங்க! கண்ணு படும். இம்புட்டுப் பேரு பாக்குறாங்க. சேலையத் தொட்டியாட்டம் கட்டி அதுக்குள்ள வுடுவோம். நல்லாப் பெருசானதும் தொறந்துவுட்டாப் போச்சு."

"யாரு கண்ணுடி? எங் கண்ணா?" அமிர்தவல்லி இடுப்பில் கைவைத்தாள்.

 ஒவ்வொரு தலையாக ராசாங்கத்தின் வரப்புப் பக்கம் திரும்பியது. மணிவேலின் முகம் மலர்ந்தது. "அதானே! போன வருசமே இது எனக்குத் தோணாமப் போச்சு பாரு."

ராசாங்கம் அவனைப் பார்க்கவில்லை. "வளரு, வெறுங்கையோடதாம்மா வந்து நிக்கிறேன். கண்ண எங்க கழட்டி வைக்கச் சொல்ற?"

வளர்மதி மோட்டார்க் கொட்டகைக் கொடியில் கிடந்த பழைய நூல்சேலையை உருவிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நான்கு தைலமரக் கழியை ஊன்றி, சேலையைத் தொட்டிபோல இழுத்துக் கட்டி, வடிகட்டிய தண்ணீரை ஊற்றி, குஞ்சுகளை உள்ளே விட்டாள். கூட்டம் கலைந்தது. அமிர்தவல்லி மட்டும் போகிற வழியில் நாலு பேரிடம் நின்று பேசிவிட்டுப் போனாள்.

வளர்மதி இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றாள். பொடிப்பூச்சிகள் நூலிடைவெளியில் நுழைந்து உள்ளே போயின. பெரியவற்றால் நுழைய முடியவில்லை; சேலைக்கு வெளியே வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே குஞ்சுகள் அவள் நிழல் விழுந்த இடமாகப் பார்த்துக் கூடின. இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் கனம்.

"மாமா," என்றாள் வரப்பைப் பார்த்து. யாருக்குக் கேட்டிருக்கும்?

வரப்பில் ராசாங்கம் குட்டைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது; அவர் திரும்பவும் இல்லை, போகவும் இல்லை.