குடை மேல் ஒரு வெள்ளைப் புள்ளி

கண்காட்சியைப் பத்து மணிக்குத் திறக்க வேண்டும். ஒன்பதே காலுக்கு, மூன்றாவது கூடத்தில் காவலுக்கு இருப்பவள் அந்தப் புள்ளியைப் பார்த்துத் தொலைத்தாள். படத்தில் படகுக்காகக் காத்திருக்கும் ஐந்து பெண்கள். அதில் ஒருத்தி பிடித்திருக்கும் கறுப்புக் குடையின் மேல் கடுகளவு வெள்ளை. பார்க்காமலே இருந்திருக்கலாம். பாழாய்ப்போன கண்ணுக்குத் தூசி தும்பு எதுவும் தப்பாது.

நேற்று படத்தை மாட்டும்போது சட்டம் இடித்துச் சுவரில் கீறல் விழுந்திருந்தது. அதற்கு வெள்ளை பூசியது வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர். "நல்லா செய்வாரு மேடம், நான் பொறுப்பு" என்று, படங்களின் கணக்கை வைத்திருக்கும் பதிவாளர் அம்மாவிடம் நாலு நாள் நடையாய் நடந்து அவருக்கு இங்கே பெயிண்டர் வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவளேதான். படமோ வேறொரு அருங்காட்சியகத்திலிருந்து இரவலாக வந்தது.

போன் போட்டாள். "என்னங்க, நேத்து படத்து மேல துணி போட்டு மூடினீங்கல்ல?"

"ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு... ஏன், என்னாச்சு?"

அவருக்கு வேலை போகும், இவளையும் விட்டுவைக்க மாட்டார்கள். கூடத்தில் ஈ காக்கை இல்லை. காய்ந்த பெயிண்ட்தானே, வீட்டுத் தரையில் இப்படி எத்தனை சுரண்டியிருக்கிறாள். கட்டைவிரல் நகம் குடைக்கு ஓர் அங்குலம் வரை போய்விட்டது. அங்கே நின்றது. ஆறு வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் "தொடாதீங்க, தொடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, அந்தக் கை இப்போது அவளே சொன்னாலும் தொட மறுத்தது.

நேரே பதிவாளர் அம்மாவின் அறைக்குப் போனாள். "தப்பு நடந்துடுச்சு மேடம். குடையில வெள்ளை பட்டிருக்கு. நாங்கதான்."

பதிவாளர் அம்மா கோப்பைப் புரட்டினார். வருகிற ஒவ்வொரு படத்தையும் விளக்கடித்துப் பார்த்து, இருக்கிற கீறல் கறை எல்லாவற்றையும் எழுதி வைப்பது அவர் வழக்கம். ஒரு தாளில் விரல் நின்றது.

"குடையின் மேல் வெள்ளைப் புள்ளி. ஓவியர் வைத்தது" என்று வாசித்தார். "முதல் மழைத்துளிம்மா அது. நீ ஒண்ணும் சுரண்டிப் பாக்கலையே?"

"ஐயோ, இல்ல மேடம்." போன உயிர் திரும்பி வந்தது.

"துணி போடாதது தப்புதான். இனிமே போடச் சொல்லு."

பத்தரைக்கு வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது, முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு படத்தின் மேல் விழுகிற மாதிரி குனிந்தார்.

"தள்ளி நின்னு பாருங்க" என்றாள், எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில். "நீங்க பண்ணது இல்ல. அது படத்துலயே இருக்கறது."

அவர் இரண்டடி பின்னால் வந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை வருது போல" என்றார்.

அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள். படத்தில் மற்ற நாலு பேருக்கு மழை இன்னும் தெரியவில்லை. குடைக்காரி மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.